அம்பாசடர், பத்மினி கார்களின் பின்சக்கர பேரிங்கும் ஆயில் சீலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் ஓர் அம்பாசடர் மார்க் 4 வைத்திருக்கிறேன். மைத்துனருடைய பிரீமியர் பத்மினியும் ஆண்டில் பாதி நாள் அங்கேதான் கிடக்கும். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். பதினைந்து ஆண்டுகளாகச் சொந்த வண்டியைப் பிரித்துப் பூட்டியதில் கிடைத்ததுதான் என் அறிவு. அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர் வரை பழைய கார் வைத்திருப்பவர்கள் அழைக்கும்போது, "பின் பேரிங் போய்விட்டது, எந்த நம்பர் வாங்க வேண்டும்?" என்றுதான் தொடங்குவார்கள். பேரிங் என்பது சக்கரம் லேசாகச் சுழல, இரண்டு வளையங்களுக்கிடையே குண்டுகள் ஓடும் அமைப்பு; ஆயில் சீல் என்பது அச்சு எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் உதடுள்ள வளையம். நம்பரைக் காணும் வழி கீழே வருகிறது. ஆனால் பேரிங் வயதாகித் தானாகச் சாவது குறைவு. அடைத்த மூச்சுத் துளை, தேய்ந்த ஹவுசிங் (பின் அச்சைப் பொதிந்த இரும்புக் கூடு) முனை, தடித்த பேக்கிங் (இணைப்பில் கசியாமல் வைக்கும் காகிதம்), உள்ளே புகுந்த தண்ணீர் என்று ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதிது போட்டவர்கள் அடுத்த ஆனித் தேரோட்டத்துக்குள் மறுபடியும் ஜாக்கியைத் தேடுகிறார்கள்.

பின்பக்கம் "ஊ" என்று இரைச்சல் வருகிறது. பேரிங்தான் என்று எப்படி உறுதி செய்வது?

சந்தேகம் மூன்றின்மேல்: டயர், டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கர அமைப்பு), பேரிங். நாங்குநேரி நோக்கிப் போகும் நான்குவழிச் சாலையில் காலை நேரத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சுருதி மாறினால் டிஃபரென்ஷியலைச் சந்தேகியுங்கள். தார்ச்சாலையிலிருந்து சிமென்டுக்கு ஏறும்போது மாறினால் டயர். இரண்டுக்கும் மசியாமல் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங்.

எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு வழி உண்டு. ஆளில்லாத அகலமான இடத்தில் வண்டியை மெல்ல வலப்பக்கம் ஒடியுங்கள். எடை இடப்பக்கச் சக்கரத்தின்மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் கெட்டது இடது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பது என் வழக்கம். இடப்பக்கச் சத்தம் கைப்பிடிச் சுவரில் மோதித் திரும்பி நேராகக் காதுக்கு வரும்.

கடைசிச் சோதனை வீட்டில். பின்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். மறு கையின் விரல் நுனி ஸ்பிரிங் பட்டையின்மேல் இருக்கட்டும். நல்ல பேரிங் ஓடுவது விரலுக்கே தெரியாது. கெட்டதென்றால் உளுந்து அரைக்கும் ஆட்டுக்கல்லில் பொடிக்கல் சிக்கியதுபோல ஒரு கரகரப்பு பட்டையின் வழியே வரும். காதைவிட விரல் நம்பகமானது. இன்ஜினைப் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கேட்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மறு சக்கரம் தரையில் இருக்க, வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறது. எவ்வளவு வரை பரவாயில்லை?

மேலும் கீழுமாக உணரும்படி ஆட்டம் இருந்தாலே பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். உள்ளும் வெளியுமாகச் சிறு நகர்வு இருப்பது வேறு. அது சில அமைப்புகளில் இயல்பு. ஆட்டும்போது இன்னொருவரை பேக் பிளேட்டை (பிரேக் டிரம்முக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் தகடு) பார்க்கச் சொல்லுங்கள். டிரம் மட்டும் அசைந்தால் பேரிங். பேக் பிளேட்டும் சேர்ந்து அசைந்தால் யாரோ போல்ட்டை முடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

டிரம்முக்குள் ஈரம் இருக்கிறது. ஆயில் சீல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் அது என்ன ஈரம் என்று பாருங்கள். விரலில் எடுத்துத் தேய்த்து முகருங்கள். டிஃபரென்ஷியல் ஆயில் தடித்திருக்கும். கந்தக வாடை அடிக்கும், ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பிரேக் ஆயில் தண்ணீர்போல நீர்த்திருக்கும். பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். அது வீல் சிலிண்டரிலிருந்து வருவது, சீலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மஞ்சளாக உருகி வழிந்திருந்தால் கிரீஸ்: யாரோ ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) அளவுக்கு மீறித் திணித்திருக்கிறார்கள், அல்லது பேரிங் சூடாகிறது.

பிறகு கசிவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அம்பாசடர் போன்ற வண்டியில் ஆயில் வெளியேற இரண்டு பாதைகள் உண்டு. உட்பக்கம் சீலைத் தாண்டி பேக் பிளேட்டுக்கு வருவது ஒன்று. ஆக்சில் ஷாஃப்டின் (டிஃபரென்ஷியலிலிருந்து வந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) தட்டும் ஹப்பும் சேரும் இடத்துப் பேக்கிங் வழியாக வெளியே வருவது மற்றொன்று. இரண்டாவது பாதையில் கசிந்தால் எண்ணெய்க் கோடுகள் சக்கரத்தின் நடுவிலிருந்து டயரை நோக்கி வெயில் கதிர்போல விரிந்திருக்கும். அதற்குச் சீல் மாற்றிப் பயனில்லை.

எல்லா வண்டிக்கும் வேலை ஒன்றுதானா?

இல்லை. இது தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

அம்பாசடர், ஆங்கிலேயர்களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வழி வந்த வண்டி. உத்தரபாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை உடலமைப்பு பெரிதாக மாறவில்லை. அந்தக் குடும்ப அமைப்பில் பேரிங்கின் வெளிவளையம் ஹப்புக்குள் உட்கார்ந்திருக்கும். உள்வளையம் ஹவுசிங் குழாயின் முனையில் ஏறி, ஒரு பெரிய நட்டால் இறுகியிருக்கும். ஆக்சில் ஷாஃப்ட் உள்ளே புகுந்து சக்கரத்தைச் சுழற்றும். வண்டியின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது குழாய். ஷாஃப்டை உருவி எடுத்த பிறகும் ஹப் தன் இடத்தில் நிற்கும்.

ஃபியட் 1100 வழி வந்த பத்மினியில் பேரிங் ஆக்சில் ஷாஃப்டின்மேலேயே இறுகியிருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது சூடாக்கி ஏற்றிய ஓர் இரும்பு வளையம், காலர் என்போம். ஷாஃப்டும் பேரிங்கும் காலரும் ஒன்றாக உருவி வரும். எடையையும் ஷாஃப்டே தாங்குகிறது. காலர் நழுவினால் ஷாஃப்டும் சக்கரமும் சேர்ந்து வெளியேறிவிடும். முந்திய வகையில் கவனக்குறைவுக்குக் கொஞ்சம் மன்னிப்பு உண்டு, இதில் இல்லை.

நாற்பது ஆண்டுகளில் பல கை மாறிய வண்டிகள் இவை. வேறு வண்டியின் அச்சை அப்படியே மாற்றிப் பொருத்தியவர்களும் உண்டு. டிரம்மைக் கழற்றி, கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு ஆண்டில் மூன்று சீல் மாற்றிவிட்டேன். மறுபடியும் கசிகிறது. சீலின் தரம் சரியில்லையா?

தரம் காரணமாக இருக்கலாம். அதற்கு முன்னால் மூச்சுத் துளையைப் பாருங்கள். டிஃபரென்ஷியல் ஹவுசிங்கின் மேல்பக்கம் சிறிய பிரீதர் ஒன்று இருக்கும். வண்டி ஓடும்போது ஆயில் சூடாகும், உள்ளே காற்று விரியும், அந்தத் துளை வழியாக வெளியேறும். துளை அடைத்துக்கொண்டால் விரிந்த காற்றுக்குப் போக்கிடம் சீலின் உதடுதான். ஆயிலையும் தள்ளிக்கொண்டுதான் அது போகும்.

என் வண்டியில் நடந்தது இதுதான். இடப்பக்கச் சீலை ஒரு பணிமனையில் இருமுறை மாற்றினார்கள். இரண்டு முறையும் குற்றாலம் போய் வருவதற்குள் டிரம் நனைந்துவிட்டது. மூன்றாம் முறை நானே அடியில் படுத்தேன். ஹவுசிங்கின்மேல் பழைய கிரீஸும் செம்மண்ணும் கலந்து, காய்ந்த சாணி வரட்டிபோல ஒரு படலம். பழைய ஸ்குரூ டிரைவரால் சுரண்டச் சுரண்ட, அதற்கு அடியில் பிரீதரின் தலை எட்டிப் பார்த்தது. வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து வாயால் ஊதினேன். முதலில் காற்றே போகவில்லை. பிறகு கரிய குழம்பு ஒரு சொட்டு வந்தது, பின்னாலேயே காற்றும் வந்தது. அன்று போட்ட சீல் ஐந்து ஆண்டுகளாக உலர்ந்திருக்கிறது. திசையன்விளைப் பக்கத் தேரி மணலில் ஓடும் வண்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் அடைக்கும்.

அடுத்த காரணம், ஆயிலை அளவுக்கு மேல் நிரப்புவது. வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் கீழ்விளிம்புவரைதான் ஆயில். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்ற தாராளம் ஹப்புக்குள் போய்ச் சேரும்.

2023 வெள்ளத்தில் வண்டி நின்றது. அப்போது இன்ஜினை மட்டும் பார்த்தோம். இப்போது பின்பக்கம் சத்தம். தொடர்பு இருக்குமா?

நிச்சயமாக இருக்கலாம். அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணிக் கரையில் ஹப்வரை முங்கிய வண்டிகள் ஏராளம். அப்போது பலரும் இன்ஜின் ஆயிலை மாற்றி, இருக்கைகளை வெயிலில் காயவைத்தார்கள். டிஃபரென்ஷியலைத் திறந்தவர்கள் குறைவு.

தண்ணீர் புகுந்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்தால் அன்றைக்கே சத்தம் வராது. வண்டி நிற்கும் நாட்களில் குண்டுகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் துருப்புள்ளி விழும். பிறகு ஓட ஓட அந்தப் புள்ளி குழியாகும், குழி உரியத் தொடங்கும். இதற்கு மாதங்கள் ஆகும்.

வெள்ளம் வேண்டும் என்பதுகூட இல்லை. நெடுந்தூரம் ஓடிச் சூடான வண்டியைத் தாம்போதியில் வழியும் தண்ணீருக்குள் இறக்கினால் போதும். ஹப் சட்டென்று குளிரும், உள்ளிருக்கும் காற்று சுருங்கும், பழைய சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மழைக்காலத்தில் வேறு வழியில்லை என்றால் ஐந்து நிமிடம் நின்று ஆறவிட்டு இறங்குங்கள்.

என்னென்ன கருவிகள் தேவை?

ஜாக்கி, அதைவிட முக்கியமாக இரண்டு ஸ்டாண்டுகள், முன்சக்கரங்களுக்குக் கட்டை. ஹப் நட்டுக்கு அளவான பாக்ஸ் ஸ்பேனர், ஹப் புல்லர், பித்தளைக் கம்பி, மரச்சுத்தி. புல்லரை வாங்க வேண்டாம். வாடகைக்கோ நட்புக்கோ கிடைக்கும். பத்மினி என்றால் லேத் பட்டறையில் உள்ள பிரஸ் கட்டாயம். செங்கல்லை ஸ்டாண்டாக வைப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது.

அம்பாசடரில் ஹப்பைக் கழற்றுவது எப்படி?

ஒரு பக்கத்தை மட்டும் தூக்குங்கள். ஹவுசிங்கில் உள்ள ஆயில் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும், தரையில் கொட்டுவது குறையும். டிரம்மைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுத்து டிரம்மை உருவுங்கள். வராவிட்டால் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். டிரம் விளிம்பை இரும்புச் சுத்தியால் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

அடுத்து ஆக்சில் ஷாஃப்டின் தட்டைப் பிடித்திருக்கும் திருகு. இதன் தலை பெரும்பாலும் முந்தைய மெக்கானிக்கின் கைங்கரியத்தால் சிதைந்திருக்கும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, தலைக்குச் சரியான பிளேடை வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் வந்துவிடும். ஷாஃப்டைக் கையால் இழுத்தால் நழுவி வர வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். தட்டுக்கும் ஹப்புக்கும் இடையே உளியைச் செருகி நெம்புபவர்கள், இனி என்றென்றும் அந்த இடத்தில் ஆயில் கசியும்படி செய்கிறார்கள்.

இப்போது ஹப்பின் நடுவே பெரிய நட்டும், அதன் அடியில் மடக்கிய வாசரும் தெரியும். மடிப்பை நிமிர்த்தி, நட்டை பாக்ஸ் ஸ்பேனரால் எடுங்கள். நான் பிரித்துப் பார்த்த அம்பாசடர்களில் உளித் தழும்பு இல்லாத நட்டு ஒன்றுகூட இல்லை. உளியால் தட்டி எடுப்பது விரைவுதான், ஆனால் பூட்டும்போதும் அதே உளியால்தான் முடுக்குவார்கள். அப்படி முடுக்கிய நட்டு உள்வளையத்தைச் சரியாக இறுக்காது. உள்வளையம் குழாயின்மேல் மெல்லச் சுழன்று, குழாயையே அராவித் தின்னத் தொடங்கும்.

நட்டு வந்ததும் புல்லரைப் போட்டு ஹப்பை இழுங்கள். பேரிங்கும் சீலும் அதனுடனேயே வரும். பழைய சீலைத் தோண்டி எறியுங்கள். பேரிங்கை உட்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்றுங்கள்.

நட்டு எவ்வளவு பலம் கொடுத்தாலும் வரவில்லை.

மரையைப் பாருங்கள். இந்த வகை அச்சுகள் சிலவற்றில் இடப்பக்க நட்டு இடது மரை. எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். நட்டுக்கு வெளியே தெரியும் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நான்கு அடிக் குழாயை மாட்டுங்கள்.

பத்மினியின் காலரை எப்படி எடுப்பது? பட்டறையில் கேஸ் வைத்துச் சூடாக்கி எடுக்கிறோம் என்கிறார்கள்.

விடாதீர்கள். ஷாஃப்டின் பதம் போய்விடும். காலரில் துரப்பணத்தால் ஒரு துளை போட்டு, ஷாஃப்டைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, மிச்சத்தை உளியால் பிளந்தால் காலர் தளர்ந்து வந்துவிடும். பேரிங்கை பிரஸ்ஸில் தள்ளுங்கள். பழைய காலரை மீண்டும் போடக்கூடாது. ஒருமுறை இறுகி விரிந்த வளையத்துக்குப் பிடிப்பு குறைவு.

புதிய காலரைச் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, பேரிங்கின் உள்வளையத்தோடு ஒட்டி உட்காரும்படி இறக்கி, ஆறும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பேரிங்குக்கு அந்தச் சூடு ஆகாது. அதை முன்பே பிரஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். காலரை ஏற்றும்போது அசடு வழிய நின்றால் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும்.

மைத்துனரின் பத்மினியை வாங்கிய புதிதில் ஷாஃப்டை உருவினால், காலரைச் சுற்றி மூன்று இடத்தில் வெல்டிங் பொட்டு. முன்பு வைத்திருந்தவர் எங்கோ கொடுத்துச் செய்திருக்கிறார். கூட இருந்த ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதைப் பற்றவைத்தவர் இந்த வண்டியில் ஏறியிருக்கமாட்டார்" என்றார். பற்றவைத்த இடத்தில் ஷாஃப்ட் கடினப்பட்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினோம். ஒரு பொட்டின் ஓரத்தில் மயிரிழைபோல ஈரக்கோடு எழுந்தது. அந்த ஷாஃப்ட் இப்போது கொட்டகையில் மாடு கட்டும் முளை. வேறு ஷாஃப்ட் தேடப் பத்து வாரம் ஆயிற்று.

சரி, பேரிங் நம்பர்?

உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருப்பதுதான் நம்பர். நான் சொல்லும் நம்பரை நம்பி வாங்காதீர்கள், முன்பு யாரேனும் ஹப்பைக் கடைந்து வேறு அளவு போட்டிருக்கலாம். துடைத்து, வெளிச்சத்தில் படித்து, காலிப்பரால் மூன்று அளவும் எடுங்கள்.

நம்பரைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாறமாட்டீர்கள். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு. 6207 என்றால் 35 மில்லிமீட்டர் துளை, 72 வெளிவிட்டம், 17 அகலம். 6206 என்றால் 30, 62, 16. அங்குல அளவில் செய்த பழைய ஆங்கிலேய பேரிங்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பின்னால் வரும் சி3 என்பது உள்ளே சற்றே கூடுதல் இடைவெளி விட்டது என்று பொருள். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகர மூடி. ஆயில் சீலிலும் இப்படியே உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்று மூன்று எண் அச்சிட்டிருக்கும்.

நம்மூரில் ஒரு வசதி உண்டு. மில்லிமீட்டர் அளவு பேரிங்குகள் காருக்கென்று தனியாகச் செய்தவை அல்ல. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார், நெல் அரவை மில் எல்லாவற்றிலும் அதே நம்பர்தான் ஓடுகிறது. கார் உதிரிபாகக் கடையில் "அந்த வண்டியெல்லாம் இப்போது யார் வைத்திருக்கிறார்கள்" என்று கைவிரித்தால் பேரிங் கடைக்குப் போய், காரின் பெயரைச் சொல்லாமல் நம்பரை மட்டும் சொல்லுங்கள். சீலுக்கும் காலருக்கும்தான் அலைச்சல். அவற்றுக்குச் சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

போலி பேரிங்கை எப்படி அடையாளம் காண்பது?

பெட்டியை நம்பாதீர்கள். பொறிப்பு கூர்மையாக இருக்க வேண்டும், நகத்தால் சுரண்டினால் அழியக்கூடாது. எஸ்.கே.எஃப். நிறுவனம் சரிபார்க்கவென்றே கைப்பேசிச் செயலி வைத்திருக்கிறது. எஸ்.கே.எஃப்., ஜெய்ப்பூரின் என்.பி.சி. போன்றவற்றை அவற்றின் அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்கினால் சிக்கல் குறைவு. பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரப்பர் மூடி போட்ட பேரிங்கைப் போட்டால் சீலே தேவையில்லை என்கிறார்களே?

பேரிங்கின் மூடி தன் கிரீஸைக் காக்கத்தான். டிஃபரென்ஷியல் ஆயிலை நிறுத்துவது அதன் வேலை அல்ல. பத்மினி வகையில் மூடிய பேரிங் நன்றாகவே உழைக்கிறது; சீல் தனியாக இருக்கத்தான் வேண்டும். அம்பாசடர் ஹப்பில் நான் திறந்த பேரிங்கையே போடுகிறேன். குழாய் வழியாக வரும் ஆயில் அதற்குப் பாலூட்டுவதுபோல. அதை ஏன் மறிப்பானேன்?

புதிய பேரிங்கை ஹப்பில் ஏற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே விதிதான்: எந்த வளையம் இறுகுகிறதோ அதன்மேல் மட்டும் அழுத்தம் கொடுங்கள். ஹப்புக்குள் இறக்கும்போது வெளிவளையத்தின்மேல். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தின்மேல். மாற்றி அழுத்தினால் அந்த விசை முழுவதும் குண்டுகளின் வழியே போகும், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். புதிய பேரிங் போட்ட மறுநாளே இரைச்சல் என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இதில்தான் சறுக்கியிருப்பார்கள்.

நான் செய்யும் முறை இது. முந்திய இரவே பேரிங்கைப் பாலித்தீன் உறையில் கட்டிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுவேன். வீட்டில் இதற்கு ஒப்புதல் வாங்க நான்கு ஆண்டுகள் ஆயின. காலையில் ஹப்பைத் துடைத்து, கொதிக்கும் தண்ணீர் நிறைந்த பழைய அலுமினியக் குண்டானில் கால்மணி நேரம் போட்டுவைப்பேன். துணியால் பிடித்து எடுத்து, சட்டென்று ஈரம் போகத் துடைத்துக் கட்டைமேல் கவிழ்த்து, பேரிங்கை நேராக வைத்தால் முக்கால் பங்கு தானாகவே இறங்கும். மிச்சத்துக்குப் பழைய பேரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்துத் தட்டுவேன். கோணலாக இறங்கும்போது சத்தம் "டொக் டொக்" என்று மந்தமாக இருக்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் அதே சுத்தி "டிங்" என்று மணிபோல ஒலிக்கும். அதற்குமேல் ஓர் அடிகூட வேண்டாம்.

அம்பாசடர் வகையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதைப் பலர் அறியவில்லை. வெளிவளையத்தைப் பிடித்து நிறுத்துவது ஆக்சில் ஷாஃப்டின் தட்டுதான். இடையில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். பேக்கிங் காகிதத்தை ஹப்பின்மேல் வைத்த பிறகும் இந்த வளையம் அதைவிட இம்மியளவு வெளியே நிற்க வேண்டும். இந்தக் குடும்ப அச்சுகளுக்கான ஆங்கிலேயக் கணக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் நான்கு பங்கு, அதாவது 0.025 முதல் 0.1 மில்லிமீட்டர். கசியக்கூடாது என்று தடித்த பேக்கிங் வெட்டிப் போட்டு, பசையையும் அப்பினால் தட்டு வளையத்தைத் தொடாது. வெளிவளையம் பிடிப்பின்றி ஹப்புக்குள் சுழலும், ஓராண்டில் ஹப் தேய்ந்துவிடும். கழற்றும்போது பேரிங் கையோடு வந்து விழுந்தால் "சுலபமாக வந்துவிட்டது" என்று மகிழ வேண்டாம். ஹப் போய்விட்டது என்று அர்த்தம்.

சீலின் எந்தப் பக்கம் உள்ளே?

சுருள் ஸ்பிரிங் தெரியும் பக்கம், தடுக்க வேண்டிய எண்ணெய் இருக்கும் பக்கம். அம்பாசடர் ஹப்பில் பேரிங்கை நோக்கி, பத்மினி குழாயில் டிஃபரென்ஷியலை நோக்கி. உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். வறண்ட உதடு முதல் கிலோமீட்டரிலேயே கருகும்.

சீல் உரசும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. பேரிங் உட்காரும் குழாய் முனையும் தேய்ந்திருக்கிறது.

சீல் பள்ளத்துக்கு எளிய வழி, இடமிருந்தால் புதிய சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைப்பது. உதடு தேயாத இடத்தில் உரசும். இடமில்லை என்றால் மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) போட வேண்டும்.

குழாய் முனை தேய்ந்திருப்பதுதான் பெரிய நோவு. உள்வளையம் கையால் தள்ளினாலே ஏறி இறங்குகிறது, ஆனால் பக்கவாட்டில் ஆட்டம் தெரியவில்லை என்றால், வளையத்தை ஒட்டவைக்கும் பசைத் திரவம் போட்டு நட்டை முறையாக முடுக்கினால் பல ஆண்டு தாங்கும். ஆட்டம் தெரிந்தால் பசை ஏமாற்று வேலை. உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவதும் அப்படியே. ஹவுசிங்கை இறக்கி, நம்பகமான லேத்தில் கடைந்து ஸ்லீவ் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஹவுசிங் தேட வேண்டும். நான் தேடுவேன்.

கிரீஸ் எவ்வளவு, எந்த வகை?

லித்தியம் வீல் பேரிங் கிரீஸ். பேரிங்கின் குண்டுகளுக்கிடையே நன்றாகப் புகட்டுங்கள். ஹப்பின் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பழைய மஞ்சள் நார் கிரீஸின் மிச்சத்தைக் கழுவாமல் புதியதைக் கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து நீர்த்துவிடும். டிஃபரென்ஷியலுக்கு ஈ.பி. 90 ஆயில்.

பிரேக் ஷூவில் ஆயில் ஊறிவிட்டது. பெட்ரோலில் கழுவி, கொளுத்தி எடுத்தால் சரியாகும் என்கிறார்கள்.

ஆகாது. மேலே காய்ந்ததுபோல் தோன்றும். பாபநாசத்திலிருந்து இறங்கும்போது பிரேக் சூடானதும் உள்ளே ஊறியது மேலே வரும். ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கும். டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் போதுமா?

பேரிங் ஒரு பக்கம் போதும். சீல் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். மொத்தச் செலவில் மிகக் குறைவானது அதுதான், பிரிக்கும் கூலிதான் அதிகம்.

பூட்டி முடித்த பிறகு?

வாசரின் மடிப்பை நட்டின்மேல் மடக்கினீர்களா என்று மறுபடி பாருங்கள். ஆயில் அளவு, பிரீதர், பிரேக் அட்ஜஸ்ட்மென்ட், வீல் நட்டு. பிறகு சேரன்மகாதேவிவரை, கடும் பிரேக் போடாமல், போய் வாருங்கள். ஒரு வழிக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். வந்து நின்றதும் இரண்டு பின்சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை மாறி மாறி வையுங்கள். இளஞ்சூடாக, இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கையை வைக்க முடியாத சூடு என்றால் முதலில் அந்தப் பக்கப் பிரேக் உரசுகிறதா என்று பாருங்கள். உரசவில்லை என்றால் ஜாக்கியை உள்ளே எடுத்து வைக்க வேண்டாம்.